இந்தச் சில்லு உடைந்தது 1822-லா, 1999-லா?

கேட்டவர் சேலம் அஸ்தம்பட்டிக்காரர். சிங்கப்பூரில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய அவருடைய பெரியப்பா, ஒரு பிஸ்கட் டப்பாவில் ஏழு பீங்கான் துண்டுகளை விட்டுப் போயிருக்கிறார். டப்பாவுக்குள் 'டெக் சிங், 1822' என்று கையால் எழுதிய சீட்டு. ஐந்து துண்டுகள் நீலமும் வெள்ளையும், ஒன்று வெறும் வெள்ளை, ஒன்று தடித்த பழுப்பு ஜாடியின் துண்டு. இது போக, ஏற்காட்டில் வாங்கியிருக்கும் பழைய எஸ்டேட் வீட்டில் குழாய் பதிக்கக் குழி வெட்டியபோது, ஒரு கை நிறைய நீல-வெள்ளைச் சில்லுகள் மண்ணோடு வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே சரக்கா, மேலே ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை ஆசிட் விட்டுக் கழுவலாமா, ஒட்டி முழுசாக்க முடியுமா, என்ன விலை போகும் என்று கேட்கிறார். எல்லாவற்றையும் ஏற்காட்டு வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போகிறாராம். ஜாடித் துண்டிலிருந்து மாவு மாதிரி ஏதோ உதிர்கிறது என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

அந்த மாவும் ஏற்காடும் சேர்ந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தொல்லியல் படித்தவன் இல்லை. ஏற்காடு மலை ஏறும்போது கீழே திரும்பிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியுமே, அந்த வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) சுட்டு உலைக்கான செங்கல் ஆக்கும் தொழிலில், சோதனைக்கூடத்தில் இருந்தவன். 1,600 டிகிரிக்கு மேல் சுட்ட செங்கல் நல்லதா கெட்டதா என்று வெளியே தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. சம்மட்டியால் ஒரு போடு போட்டு உள்ளே பார்ப்போம். தீ நடுவரைக்கும் போயிருக்கிறதா, மண் உருகிப் பிணைந்திருக்கிறதா எல்லாம் முறிந்த இடத்தில் தெரிந்துவிடும். பழைய பீங்கான் பைத்தியம் பிடித்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. முழுத் தட்டைக் கொடுத்தால் பூவையும் பறவையையும் பார்ப்பேன். உடைந்த தட்டைக் கொடுத்தால்தான் எனக்குப் பேச விஷயம் கிடைக்கும்.

முதலில் கப்பல். டெக் சிங் ஒரு பெரிய சீனப் பாய்மரக் கப்பல். சீனாவின் அமோய் துறைமுகத்திலிருந்து, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1822 பிப்ரவரி 6-ந் தேதி, பங்கா தீவுக்கும் பெலித்தூங் தீவுக்கும் இடைப்பட்ட காஸ்பர் நீரிணையில் பாறைத்திட்டில் மோதி மூழ்கியது. சரக்குக்கு மேல் சுமார் 1,600 பயணிகள், பிழைப்புத் தேடிப் போனவர்கள். அந்த வழியாக வந்த 'இண்டியானா' என்ற ஆங்கிலக் கப்பல் சுமார் 190 பேரைத் தூக்கியது. மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் போனவர்கள்தான். 1999-ல் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஏறக்குறைய மூன்றரை லட்சம் பீங்கான் கலங்களை மேலே எடுத்து, 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஏலம் விட்டார்கள். அதனால் உங்கள் பெரியப்பா கையில் நாலு துண்டு வந்திருப்பது அதிசயம் ஒன்றும் இல்லை.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே சமயத்தில் அத்தனை லட்சம் தட்டு சந்தைக்கு வந்தால் விலை விழும் என்று, விற்காத ரகங்களைக் கடலடியிலேயே அடித்து நொறுக்கினார்கள் என்று மீட்டவர்கள் மேல் அப்போது பெரிய குற்றச்சாட்டு எழுந்தது. ஆறு லட்சத்துக்கு மேல் என்றுகூடச் செய்தி வந்தது. எண்ணிக்கைக்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, 'டெக் சிங் சில்லு' என்று யார் காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது பூவை இல்லை, முறிவை.

நீங்களும் பாருங்கள். வெயிலில் கொண்டுபோய், ஓவியம் இருக்கும் முகத்தை விட்டுவிட்டு, உடைந்த ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். கப்பல் மோதியபோதோ, பிறகு மரம் மட்கிச் சரக்கு சரிந்தபோதோ உடைந்த சில்லு என்றால், அந்த ஓரமும் நூற்றெழுபது வருஷம் கடலுக்குள் இருந்திருக்கும். முனை லேசாக மழுங்கியிருக்கும். இரும்புத் துரு ஊறிய பழுப்பு, சேற்றின் சாம்பல் நிறம் ஏறியிருக்கும். சில இடத்தில் கடல்புழு கட்டிய சுண்ணாம்புக் குழாய், வெள்ளைப் புழு நெளிந்த மாதிரி, முறிவின் மேலேயே ஏறி ஓடும். ஓரம் சர்க்கரைக்கட்டியை நேற்று உடைத்த மாதிரி பளிச்சென்று வெள்ளையாகவும் கையைக் கிழிக்கிற கூர்மையாகவும் இருந்தால், அது உடைந்தது பழைய காலத்தில் இல்லை. எடுக்கும்போது உடைந்திருக்கலாம், ஏற்றுமதியில் உடைந்திருக்கலாம், வேறு மாதிரியும் உடைந்திருக்கலாம். நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்று துண்டுகளின் ஓரம் அழுக்கேறி இருக்கிறது. இரண்டின் ஓரம் எனக்குப் புதிதாகப் படுகிறது. படத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

போலி உண்டா என்றால் தாராளமாக உண்டு. புதுத் தட்டில் பசையும் மணலும் சிப்பியும் அப்பிக் 'கடல் சரக்கு' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். தானாக உதிர்ந்த பொருக்கில் ஒரு துணுக்கை மட்டும் தனியாக எடுத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். கடல் உயிர்கள் கட்டியது சுண்ணாம்பு, நுரைக்கும். பசையில் ஒட்டிய மணல் சும்மா கிடக்கும். சிப்பியைப் பொடித்து ஒட்டியிருந்தால் அதுவும் நுரைக்கும் என்பதால், சூடான ஊசியால் தொட்டுப் பார்த்து பிளாஸ்டிக் நாற்றம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னொரு அடையாளம்: உண்மையான கடல் பொருக்கு நாலு பக்கமும் சமமாக இருக்காது. சேற்றில் புதைந்த பாதி சுத்தமாகவும், தண்ணீரில் நீட்டிக்கொண்டிருந்த பாதி சொறியாகவும் இருக்கும்.

இனி ஏற்காட்டுச் சில்லுகள். இவை கடல் பார்த்தவைதான், ஆனால் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்த சரக்கு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்த பிறகு, துரைமார் பங்களாக்கள் ஒவ்வொன்றாக எழும்பின. அவர்கள் சாப்பிட்ட தட்டு இங்கிலாந்திலிருந்து வந்தது. உடைந்ததைச் சமையல்காரர் கொல்லைப்பக்கம் வீசினார். உங்கள் குழி அந்தக் குப்பைமேட்டில் விழுந்திருக்கிறது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், படத்தில் பாலம், அதன் மேல் மூன்று ஆட்கள், தொங்கும் வில்லோ மரம், மேலே இரண்டு பறவை இருக்கிறது. இது சீன ஓவியத்தைப் பார்த்து இங்கிலாந்தில் உருவாக்கிய வடிவம், 1790-களிலிருந்து கணக்கில்லாமல் அச்சடித்தார்கள். அச்சடித்தார்கள் என்பதைச் சும்மா சொல்லவில்லை. செப்புத் தகட்டில் வெட்டி, மெல்லிய தாளில் மை ஏற்றி, தாளைத் தட்டின் மேல் ஒட்டி எடுப்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிழல் எல்லாம் புள்ளியும் கோடுமாக இருக்கும். தாள் இரண்டு முனை சேரும் இடத்தில் பூவேலை பொருந்தாமல் நிற்கும். தூரிகையால் தீட்டிய நீலமோ ஒரு இழுப்பில் தடித்து இன்னொரு இழுப்பில் மெலியும். இதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். டெக் சிங் சரக்கின் பெரும்பகுதி வந்த தெஹுவா சூளைகளிலும் கட்டையால் முத்திரை குத்தி அலங்கரித்த தட்டுகள் உண்டு. அங்கே ஒரே முத்திரை திரும்பத் திரும்பச் சற்றே கோணலாக விழுந்திருக்கும், செப்புத்தகட்டின் நுணுக்கம் இருக்காது.

உறுதியான சாட்சி மறுபடியும் முறிவுதான். சீனப் பீங்கான் 1,300 டிகிரி வாக்கில் சுட்டது. மண்ணே பாதி கண்ணாடியாகிவிடும். முறிவில் மேல்பூச்சு எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆங்கிலேயரின் அந்த மலிவுத் தட்டு அவ்வளவு வெந்தது இல்லை. மேல்பூச்சு தனி ஏடாக நிற்கும், உள்ளே சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருக்கும், நாக்கில் வைத்தால் ஒட்டும். நாக்கு வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் சோதனைக்கூட வழி: ஏற்காட்டுச் சில்லு ஒன்றை நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள், தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் மேலே துடைத்து மறுபடி எடை போடுங்கள். கூடிய எடையை முதல் எடையால் வகுத்தால் எத்தனை சதவீதம் குடித்தது என்று வந்துவிடும். நல்ல பீங்கான் அரை சதவீதம்கூடக் குடிக்காது. மண்சரக்கு ஐந்து, பத்து என்று குடிக்கும். நுட்பமான தராசுக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். சேலத்தில் இருந்துகொண்டு கொலுசுப் பட்டறை தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? (வெள்ளைக்கல் செங்கலை மட்டும் நாங்கள் தண்ணீரில் போட மாட்டோம். அது தண்ணீரோடு வினை புரியும் என்பதால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கணக்கெடுப்போம். பழைய ஞாபகம், வந்துவிட்டது.)

அடிப்பக்கத் துண்டு இருந்தால் முத்திரை தேடுங்கள். சாய்சதுர வடிவில் எழுத்துகள் இருந்தால் அது 1842-க்கும் 1883-க்கும் இடையில் இங்கிலாந்தில் பதிவான வடிவம். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த வருஷம்தான் அமலுக்கு வந்தது.

சீனப் பீங்கானை ஏன் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கினார்கள் தெரியுமா? தேயிலை நனைந்தால் போச்சு, பட்டு நனைந்தால் போச்சு, பீங்கான் நனைந்தால் ஒன்றும் ஆகாது. கனமும் இருப்பதால் கப்பல் ஆடாமல் நிற்கும். 1752-ல் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சன் காண்டனிலிருந்து ஏற்றிய முக்கியச் சரக்கு தேயிலைதான். பீங்கான் மதிப்பில் சின்னப் பங்கு. அந்தத் தேயிலை ஊறிச் சகதியாகி மெத்தை போட்டதால்தான் 1985-ல் ஒன்றரை லட்சம் கலங்கள் முழுசாக வந்தன. மறு வருஷம் ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்குச் சீன அரசு இரண்டு நிபுணர்களைப் பணத்தோடு அனுப்பியும், விலை ஏறிய வேகத்தில் ஒரு கிண்ணம்கூட வாங்க முடியாமல் திரும்பினார்கள். சீனா தன் சொந்தக் கடலடித் தொல்லியலை 1987-ல் தொடங்கியதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம். பின்னால் நான்ஹாய்-1 என்ற, சோங் அரச வம்ச காலக் கப்பலை, சுற்றிலும் எஃகுப் பெட்டி இறக்கி, சேற்றோடு சேற்றாக 2007-ல் அப்படியே தூக்கினார்கள்.

அப்படித் தூக்குவதில் என்ன லாபம் என்றால், மூழ்கிய கப்பல் ஒரு நாளை உறைய வைத்திருக்கிறது. எந்தச் சூளைச் சரக்கு எந்தச் சூளைச் சரக்கோடு ஒரே மாதத்தில் சந்தையில் இருந்தது, எதற்குள் எதை அடுக்கினார்கள் என்பதெல்லாம் கிடந்த இடத்தில் கிடக்கும்போதுதான் தெரியும். பெலித்தூங் அருகே 1998-ல் மீனவர்கள் கண்ட ஒன்பதாம் நூற்றாண்டு அரபுக் கப்பலில், சீனாவின் சாங்ஷா சூளைக் கிண்ணங்களைப் பெரிய ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-க்குச் சமமான தேதியே இருந்தது. அந்தச் சரக்கின் பெரும்பகுதி சிதறாமல் இன்று சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செயின்ட் ஹெலினா தீவருகே 1613-ல் போர்த்துகீசியரோடு சண்டையில் வெடித்து மூழ்கிய 'வெள்ளைச் சிங்கம்' என்ற டச்சுக் கப்பலில் கிடைத்ததோ பெரும்பாலும் நொறுங்கல். ஏலக்காரர் திரும்பிப் பார்க்காத அந்த நொறுங்கல்தான், சங்கதி தெரிந்தவர்களுக்கு அந்தக் காலப் பீங்கானைத் தேதி குறிக்கும் உரைகல்.

நம் ஊரும் சளைத்ததில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் கல்வெட்டு அறிஞர் சுப்பராயலு, ஜப்பானிய அறிஞர் கராஷிமா போன்றவர்கள் ஆராய்ந்தது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனச் சில்லுகளைத்தான். அந்தப் பக்கம் சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கப்பலுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் 'கலம்' என்று ஒரே சொல்லை வைத்த பாஷைக்காரர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து ஏறி வந்ததுதான்.

இப்போது அந்த மாவு. ஜாடித் துண்டு பீங்கான் போல முழுக்க வெந்தது இல்லை. உள்பக்கம் பூச்சும் இல்லை. கடல் தண்ணீரை நூறு வருஷத்துக்கு மேல் குடித்திருக்கிறது. வெளியே எடுத்ததும் தண்ணீர் காய்ந்தது, உப்பு உள்ளேயே நின்றது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு தடவை படிகமாகும்போதும் உள்ளிருந்து ஆப்பு வைத்த மாதிரி நெம்பும். உதிர்வது உப்பும் மண்ணும். ஏற்காட்டில் காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வரும், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். உப்பேறிய ஜாடிக்கு அதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. அதைச் சேலம் வீட்டிலேயே வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவது நீலத் துண்டுகள் மட்டும் போதும்.

உப்பை எடுக்க மருந்து வேண்டாம், பொறுமை வேண்டும். மேல்பூச்சு செதிள் செதிளாகத் தூக்கிக்கொண்டிருந்தால் நீங்கள் தொட வேண்டாம், அருங்காட்சியகத்தில் பொருட்களைப் பராமரிக்கும் வேதியியலாளரிடம் காட்டுங்கள். அப்படி இல்லையென்றால் பிளாஸ்டிக் டப்பாவில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றித் துண்டை மூழ்க வையுங்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்க்க ஒரு மீட்டர் வைத்திருப்பாரே, அது இங்கே பெரிய உதவி. ஊற்றும்போது எவ்வளவு, நாலு நாள் கழித்து எவ்வளவு என்று குறித்து வையுங்கள். ஏறுவது நின்றதும் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஒரு வாரம் கிடந்தும் எண் அசையவில்லை என்றால் முடிந்தது. வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது, அதில் இருக்கும் உப்பே போதும். இன்னும் நிச்சயம் வேண்டுமானால் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், சோற்றுப்பு மிச்சம் இருக்கும்வரை தண்ணீர் பால் போலத் திரியும். நைட்ரிக் ஆசிட்டில் கரைந்த வெள்ளியை உப்புப் போட்டு இறக்கும் பட்டறைக்காரர்களுக்கு இது தினசரிக் காட்சி. பிறகு நிழலில் மெதுவாக உலரட்டும்.

ஆசிட்? பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலை அந்த அறையை விட்டே வெளியே வையுங்கள். பொருக்கைத் துண்டு ஈரமாக இருக்கும்போதே மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுக்கலாம். வராததை விட்டுவிடலாம். எனக்கு அது இருப்பதே அழகு. ஒரு காலத்தில் நானும் அவசரக்காரன். பழைய இஞ்சி ஜாடியின் மூடி ஒன்றை ஆசிட்டில் போட்டேன், மேலே இருந்த சிவப்பும் பச்சையும் போய் வெள்ளை மூடி வந்தது. நீலம் பூச்சுக்கு அடியில் இருப்பது, அதை லேசில் எதுவும் தொடாது. சிவப்பு, பச்சை, பொன்னெல்லாம் பூச்சுக்கு மேலே குறைந்த சூட்டில் ஏற்றியது. கடலும் அதைத்தான் செய்கிறது. அதனால்தான் மூழ்கிய கப்பல் பீங்கான் என்றாலே பெரும்பாலும் நீலமும் வெள்ளையுமே கண்ணில் படுகிறது. உங்களிடம் இருக்கும் அந்த 'வெறும் வெள்ளை'த் துண்டை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூ இருந்த இடம் மட்டும் மங்கலாக, பளபளப்பு இல்லாமல் தெரியலாம். தெரிந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.

ஒட்டுவது பற்றி: ஏழு துண்டும் ஏழு பாத்திரத்தைச் சேர்ந்தவை, ஒட்ட ஒன்றும் இல்லை. ஏற்காட்டுச் சில்லுகளில் இரண்டு பொருந்துவதாகச் சொல்கிறீர்கள். சூப்பர் க்ளூ வேண்டாம். அருங்காட்சியகங்களில் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பசையை அசிட்டோனில் கரைத்து ஒட்டுவார்கள். தப்பாக ஒட்டினால் அதே அசிட்டோனில் கழற்றிவிடலாம். முறிவை உரசிச் சமப்படுத்த மட்டும் வேண்டாம், சாட்சியே அதுதான்.

விலை பெரிதாக ஒன்றும் இல்லை. நான் எண் சொல்ல மாட்டேன். இது ஏலக்கடைக்கான சங்கதி இல்லை, கையில் வைத்துப் பார்க்கிற சங்கதி. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும் என்பதால், வெளிநாட்டு நண்பர் கேட்டார் என்று பார்சல் அனுப்பிவிடாதீர்கள். தோட்டத்தில் இன்னும் தோண்டி, குப்பைச் சில்லுக்குப் பதிலாகக் காசோ புதையலோ தட்டுப்பட்டால், கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறது.

அந்தக் கையெழுத்துச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தத் துண்டு எந்த டப்பாவில் இருந்தது, எது குழியில் எத்தனை அடியில் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு சீட்டு எழுதி, தனித்தனிக் கவரில் போடுங்கள். இரண்டு குவியலும் ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க நாக்கைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். டி.டி.எஸ். எண்களை வாரம் ஒருமுறை எனக்கு அனுப்புங்கள்.